பேரேட்டில் ஒரு பச்சைக் குடுவை

உயரம் 27.4 சென்டிமீட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் நிறுத்தினால் ஏறக்குறைய அந்த உயரம்தான் வரும். கழுத்து மெலிந்து, வாய் எக்காளம் போல விரிந்து, வயிறு கீழே இறங்கிப் பருத்திருக்கும். பேரிக்காயைக் காம்பு மேலே இருக்க நிறுத்திவைத்த மாதிரி. உடம்பெல்லாம் இளம்பச்சை. அதன்மேல் நன்றாகக் கனிந்த வாழைப்பழத் தோலில் விழுவது போன்ற பழுப்புத் திட்டுகள், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. வரிசையும் கிடையாது, கோலமும் கிடையாது. ஆனால் ஒரு திட்டை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இடம் காலியாகத் தெரிகிறது. படத்தில் பலமுறை மறைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒசாகா நகரின் நடுவே, இரண்டு ஆற்றுக் கிளைகளுக்கு இடையே கிடக்கும் நகானோஷிமா என்ற நீண்ட தீவில், மாநகராட்சியின் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்தில் இந்தக் குடுவை இருக்கிறது. ஜப்பானியர் வைத்த பெயர் ‘தொபி செய்ஜி ஹனாஇகே’. ‘செய்ஜி’ என்றால் பச்சைப் பீங்கான், ஐரோப்பியர் செலடான் என்பது இதைத்தான். ‘ஹனாஇகே’ என்றால் பூ வைக்கும் குடுவை. ‘தொபி’ பறப்பதையும் துள்ளித் தெறிப்பதையும் குறிக்கும். தெறிபுள்ளிப் பச்சைக் குடுவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 14-ஆம் நூற்றாண்டில், யுவான் ஆட்சிக் காலத்தில், சீனாவின் செச்சியாங் மாகாணத்து லொங்சுவான் சூளைகளில் வெந்தது.

ஜப்பான் அரசு ‘தேசியப் பொக்கிஷம்’ என்று அறிவித்திருக்கும் மட்பாண்டங்கள் மொத்தமே 14. அதில் 8 சீனாவிலிருந்து வந்தவை. அந்த எட்டில் ஐந்து தேநீர்க் கிண்ணங்கள், மீதி மூன்றும் பச்சைப் பீங்கான் பூக்குடுவைகள். மூன்றில் ஒன்று இது.

நான் பழம்பொருள் படித்தவன் இல்லை. கணக்குத் தணிக்கைதான் பிழைப்பு. இந்தக் குடுவை என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் அழகு மட்டும் இல்லை. இதை வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே கடன், வட்டி, திவால் சம்பந்தப்பட்ட பெயர்கள். பல்லாயிரம் கோடி யென் கடனில் ஒரு நிறுவனம் மூழ்கும்போது, அதன் கையிலிருந்த ஆயிரம் பீங்கான்கள் எப்படிச் சிதறாமல் ஒரே கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தன என்பதுதான் இந்த ஆய்வு. ஆனால் பொருளைப் பார்க்காமல் பேரேட்டைப் புரட்டுவது சரியில்லை.

ஒரே இரும்பு

பச்சை எங்கிருந்து வருகிறது? இரும்பிலிருந்து. மேல்பூச்சில் ஒன்று முதல் மூன்று சதவீதம் இரும்பு ஆக்சைடு இருந்தால் போதும். சூளைக்குள் காற்றைக் குறைத்து, தீயை மூச்சுத் திணறவிட்டு எரித்தால், தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பூச்சிலிருக்கும் இரும்பிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்த இரும்பு பச்சையாக மாறும். காற்றைத் தாராளமாக விட்டிருந்தால் அதே பூச்சு மஞ்சள் அடித்துப்போயிருக்கும்.

அப்படியானால் பழுப்புப் புள்ளிகள்? அதுவும் இரும்புதான். இரும்பு மிகுந்த கலவையை ஆங்காங்கே தொட்டு வைத்திருக்கிறார்கள். அளவு குறைந்த இடத்தில் பச்சை, கூடிய இடத்தில் பழுப்பு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: லொங்சுவான் பாத்திரங்களின் அடிவளையத்தில் பூச்சு இருக்காது. சூளை ஆறும்போது வெற்று மண் திரும்பக் காற்றைக் குடித்துச் செங்கல் நிறத்துக்குச் சிவக்கும். அதற்கும் காரணம் மண்ணில் இருக்கும் இரும்பு. வேறு எந்தச் சாயமும் தேவைப்படவில்லை.

சூளைகள் மலைச்சரிவில் ஏறிக் கிடக்கும் நீண்ட குகைகள். ஐம்பது மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. சீனர் அதை ‘நாகச் சூளை’ என்கிறார்கள். கீழ்முனையில் வாய், மேல்முனையில் புகை, நடுவே பக்கவாட்டில் விறகு போட ஓட்டைகள். ஒவ்வொரு பாத்திரத்தையும் மண்பெட்டிக்குள் வைத்து அடுக்கினால்தான் சாம்பல் விழுந்து கெடாது. வெப்பம் 1200 டிகிரிக்கு மேல். காற்று எந்த மூலையில் எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்து ஒரே சூளையில் நல்ல பச்சையும் வரும், சேற்றுப் பச்சையும் வரும். புள்ளி எப்படி வரும் என்பதும் அப்படித்தான். வைக்கும் கைக்கு இடம் தெரியும்; நிறத்தையும் விளிம்பையும் தீதான் முடிவு செய்கிறது.

பச்சைமேல் பழுப்புப் புள்ளி என்பது யுவான் காலத்துப் புதுமை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதே செச்சியாங் பகுதியில் கிழக்கு ஜின் காலத்தில், அதாவது இதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முன்பே, பச்சைப் பாத்திரங்களின் விளிம்பில் பழுப்புப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பழைய பழக்கம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீன மொழியில் இதற்குச் சொல் ‘சிங்’. அது பச்சையும் ஆகும், நீலமும் ஆகும். இதை விளக்க வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பெருமாளின் மேனியை ஒரு பாட்டில் பச்சை என்றும் அடுத்த பாட்டில் நீலம் என்றும் அதற்கடுத்ததில் கருமை என்றும் பாடிப் பழகிய நமக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை.

குடுவையின் வடிவத்துக்குச் சீனத்தில் ‘யுஹூசுன்’ என்று பெயர். பூவுக்கும் இதற்கும் ஆதியில் சம்பந்தமே இல்லை. இது மது ஊற்றும் பாத்திரம். யுவான் காலக் கல்லறைச் சுவரோவியங்களில் ஏவலர்கள் இதே வடிவக் குடுவையைக் கையில் பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். ஜப்பான் போன பிறகு அதில் ஒற்றைப் பூவைச் செருகித் தேநீர் அறையில் வைத்தார்கள்.

லொங்சுவான் சரக்கு ஜப்பானுக்கு மட்டும் போகவில்லை. மலையிலிருந்து ஓவ் ஆறு வழியாக வென்சோ துறைமுகத்துக்கு இறங்கிய பீங்கான் பாதி உலகத்துக்குப் போனது. இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் 1,300-க்கும் மேல் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளிலும் லொங்சுவான் பச்சை நிறைய உண்டு. 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நம் கடற்கரையில் உடைந்து மண்ணில் கிடந்தது, அங்கே பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் இருந்தது. 1323-இல் சீனாவின் நிங்போ துறையிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் கொரியாவின் சினான் கடலில் மூழ்கியது. அதிலிருந்து 20,000-க்கு மேல் பீங்கான் எடுத்தார்கள், பெரும்பங்கு லொங்சுவான். அந்தக் கப்பல் ஒரு மீனவரின் வலையில் சிக்கி வெளிவந்த ஆண்டு 1975. இந்த ஆண்டை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

சாம்பலில் தொடங்கிய குடும்பம்

நம் குடுவை ஒசாகாவின் கோனோஇகெ குடும்பத்து உடைமையாக இருந்து வந்தது. கோனோஇகெ என்றால் ஒசாகாவில் நம்ம ஊர் நகரத்தார் வீடு மாதிரி: முதலில் சரக்கு, அப்புறம் வட்டி. இப்போது இதாமி நகருக்குள் இருக்கும் ஒரு கிராமத்தில் அரிசி மது காய்ச்சித் தொடங்கினார்கள். கோபம் கொண்ட வேலையாள் ஒருவன் பழிவாங்க மதுப்பானையில் சாம்பலைக் கொட்டினானாம். மறுநாள் கலங்கல் அடியில் இறங்கி மது பளிங்காக நின்றதாம். கதை உண்மையோ பொய்யோ, தெளிந்த மதுவைக் கப்பலேற்றி எதோ நகருக்கு (இன்றைய தோக்கியோ) விற்று அவர்கள் பெரிய ஆளானது உண்மை. பச்சைப் பீங்கானின் மேல்பூச்சும் சாம்பல் கலந்ததுதான். மதுக் குடுவையாகப் பிறந்த பொருள் மது விற்ற வீட்டுக்கே வந்து பூக்குடுவையாக நின்றது.

1656-இல் குடும்பம் நாணயம் மாற்றும் கடை போட்டது. அதிலிருந்து சிற்றரசர்களுக்குக் கடன். அரிசி வரியை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய சிற்றரசர்கள் ஒசாகா வணிகர்களிடம் தலைமுறை தலைமுறையாக மாட்டிக்கிடந்தார்கள். கடன் கொடுக்கும் வீட்டில் தேநீர்ப் பாத்திரம் சேருவது ஆச்சரியமில்லை. தேநீர் அறைதான் அன்றைக்குக் கடன் பேசும் அறை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மாடத்தில் சீனக் குடுவை நின்றால், அவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை.

1871-இல் மெய்ஜி அரசு சிற்றரசுகளை ஒரே ஆணையில் கலைத்தது. அவர்களுடைய கடன்களை என்ன செய்வது? புது அரசு வகுத்த விதியைப் படித்தால் கடன் கொடுத்த எவனுக்கும் வயிறு கலங்கும். 1843 வரையிலான கடன் செல்லாது. 1844-இலிருந்து 1867 வரையிலானதை 50 ஆண்டுத் தவணையில் திருப்பித் தருவோம், வட்டி கிடையாது. அதற்குப் பிந்தியதற்கு மட்டும் நான்கு சதவீதம். ஒசாகாவின் பல பழைய வீடுகள் இதில் உட்கார்ந்துபோயின. கோனோஇகெ தப்பித்து வங்கியாக மாறியது; 1933-இல் அந்த வங்கி வேறு இரண்டோடு சேர்ந்து சன்வா வங்கியானது. பழைய மேல்தட்டுக் குடும்பங்களின் பெட்டிகள் இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, வாங்க வந்து நின்றவர்கள் புது முதலாளிகள்.

அதாகா கணக்கு

அதாகா நிறுவனத்தை 1904-இல் ஒசாகாவில் தொடங்கியவர் அதாகா யாகிச்சி. எஃகு, மரக்கூழ், கம்பளி என்று எல்லாம் விற்ற நிறுவனம். நாட்டின் முதல் பத்துப் பெரிய வணிகக் குழுமங்களில் ஒன்றாக வளர்ந்தது. மகன் அதாகா எய்இச்சி (1901–1994) வேறு ரகம். இசை மாணவர்களுக்குப் பரிசு வைத்தவர். பீங்கான் என்றால் உயிர். 1951-இலிருந்து கம்பெனிப் பணத்திலேயே வாங்கத் தொடங்கினார். கால் நூற்றாண்டில் ஏறக்குறைய ஆயிரம் உருப்படிகள். பெரும்பாலும் கொரியப் பீங்கான்; சீனத்தவை நூற்றுச் சொச்சம்தான், ஆனால் எல்லாம் பொறுக்கி எடுத்தவை. கோனோஇகெ குடுவை அந்தச் சொச்சத்தில் ஒன்று.

அவருடைய கண்ணைப் புகழாத கட்டுரை இல்லை. புகழட்டும். நான் அந்த நிறுவனத்துத் தணிக்கையாளராக இருந்திருந்தால் வருடா வருடம் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதியிருப்பேன்: எஃகு விற்கும் கம்பெனிக்குக் கொரியக் குடம் எதற்கு? ஒரு மனிதரின் ஆசைக்குப் பங்குதாரர் பணம். ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால், என் சிவப்பு மையை மூடி வைக்க வேண்டியிருக்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு சிற்றூர். பெயர் கம் பை சான்ஸ்; தற்செயலாய்க் கிடைத்தது என்று பொருள். அப்படிப் பெயர் வைத்த ஊரில் யாராவது பணம் போடுவார்களா? ஜான் ஷஹீன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் அங்கே நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலை கட்டினார். 1973 அக்டோபரில் குயின் எலிசபெத் 2 கப்பலையே வாடகைக்கு அமர்த்தித் திறப்பு விழா நடத்தினார். அதே அக்டோபரில்தான் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. கச்சா எண்ணெய் விலை ஏறியது, ஆலை மூச்சு வாங்கியது. கச்சா எண்ணெயைக் கடனுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது அதாகாவின் அமெரிக்கக் கிளை. 1975 டிசம்பரில் செய்தி கசிந்தது. 1976 தொடக்கத்தில் ஆலை திவால். கனடா அதுவரை கண்டதில் மிகப் பெரியது.

முதன்மை வங்கி சுமிதோமோ. அதாகாவை அப்படியே விழவிட்டால் ஜப்பானிய வணிகக் குழுமங்கள் எல்லாவற்றின்மேலும் நம்பிக்கை போகும். எனவே 1977 அக்டோபரில் இதோச்சூ என்ற பெரிய குழுமம் அதாகாவை விழுங்கியது. விழுங்கியவர் பல் பார்த்துத்தான் கடித்தார்: எஃகு மாதிரி நல்ல தொழிலை எடுத்துக்கொண்டு, வாராக்கடனை வங்கிகள் தலையில் விட்டார்.

அப்போது பேரேட்டில் பீங்கான் ஒரு வரியாக நின்றது.

யாருக்குப் போக வேண்டியது?

வழக்கமான வழி ஏலம். லண்டனிலும் ஹாங்காங்கிலும் வாங்கக் காத்திருந்தார்கள். அதாகாவிடம் பீங்கான் மட்டும் இல்லை. ஓவியர் ஹயாமி க்யொஷூவின் படங்கள் 105 இருந்தன. 1976-இல் அவை தோக்கியோவின் யமதானே அருங்காட்சியகத்துக்கு மொத்தமாக விலைபோயின. மொத்தமாகப் போனதே பாக்கியம். அடுத்தது பீங்கான்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றத்தில் பேசினார்கள், சிதறவிடாதீர்கள் என்று அரசின் பண்பாட்டுத் துறை கேட்டுக்கொண்டது.

இந்த இடத்தில் பலர் உணர்ச்சிவசப்பட்டு, தேசியப் பொக்கிஷம் நாட்டைவிட்டுப் போகாமல் காப்பாற்றப்பட்டது என்று எழுதுகிறார்கள். அது தவறு. 1950-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பொக்கிஷத்தை ஏற்றுமதி செய்ய முடியாது. விற்பதென்றால் முதலில் அரசிடம் சொல்ல வேண்டும். நம் குடுவைக்கு எந்த ஆபத்தும் இல்லை. யார் கைக்குப் போனாலும் ஜப்பானில்தான் இருந்திருக்கும். ஆபத்தில் இருந்தவை அதன் பக்கத்தில் நின்றவை: சட்டத்தின் முத்திரை விழாத தொள்ளாயிரத்துச் சொச்சம் கிண்ணங்களும் குடங்களும்.

அவை பிழைத்ததற்குக் காரணம், என் பார்வையில், நான் திட்ட நினைத்த அதே கணக்குப் பதிவு. அதாகா எய்இச்சி சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் அது அவருடைய சொத்து. பிள்ளைகள் பங்கு பிரித்திருப்பார்கள், வாரிசு வரி கட்ட விற்றிருப்பார்கள். கம்பெனிச் சொத்தாக இருந்ததால் ஒரே எண்ணில், ஒரே கையில், ஒரே வங்கியின் பார்வையில் மொத்தமாக நின்றது. கூட்டிணைப்பிலும் அது போகவில்லை. மிச்சக் கணக்கைத் தீர்ப்பதற்கென்று வைத்த நிறுவனத்தின் கையில் பெட்டிகள் மூடியபடி இருந்தன. அதாகாவில் இருந்த காலத்திலிருந்தே பீங்கானைப் பார்த்துக்கொண்ட இதோ இகுதாரோ என்ற அலுவலர் கூடவே இருந்தார். கம்பெனி போய்விட்டது, அவர் போகவில்லை.

1980-இல் முடிவு வந்தது. சுமிதோமோ குழுமத்தின் 21 நிறுவனங்கள் சேர்ந்து ஒசாகா மாநகராட்சியின் பண்பாட்டு நிதிக்கு 1,520 கோடி யென் நன்கொடை தரும். மாநகராட்சி அந்தப் பணத்தைக் கொண்டே 965 உருப்படிகளையும் விலைக்கு வாங்கும். பீங்கானைத் தானம் கொடுக்கவில்லை, பணத்தைக் கொடுத்துப் பீங்கானை வாங்கவைத்தார்கள். சுற்றி வளைத்த வேலை என்று தோன்றும். கணக்குப் பார்ப்பவருக்குப் புரியும்: உள்ளாட்சிக்குத் தரும் நன்கொடை வரிக்கணக்கில் முழுச் செலவு. அந்தப் பணம் திரும்ப வந்து அதாகாவின் மிச்சக் கடனில் விழும். கடன் கொடுத்தவர்களில் பெரியவர் சுமிதோமோ வங்கி. ஒரு பையில் போட்டதில் கொஞ்சம் இன்னொரு பைக்கு வந்திருக்கும் என்பது என் கணக்கு. இதைச் சொல்வதால் நன்கொடையின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. ஏலத்தில் விட்டிருந்தால் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பிருந்தது, விடவில்லை.

நன்கொடை ஒரே நாளில் வரவில்லை. தவணை தவணையாக நிதியில் சேர்ந்த பணம் வட்டி போட்டது. அந்த வட்டியில் நகானோஷிமாவில் கட்டடம் எழுந்தது. 1982 நவம்பரில் திறந்தார்கள். முதல் இயக்குநர் இதோ இகுதாரோ.

தொகுப்பு முழுதாக இருந்ததன் பலன் பின்னால்தான் தெரிந்தது. 1990-களின் இறுதியில், ஜப்பானில் வாழ்ந்த கொரியரான ரீ பியோங்-சாங் தன் வாழ்நாள் சேகரிப்பான முந்நூறுக்கும் மேற்பட்ட கொரியப் பீங்கான்களை இதே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பாதி காலியான வீட்டுக்கு யாரும் அப்படிச் சீர் கொண்டுவர மாட்டார்கள். இன்று லொங்சுவான் பச்சையைப் பார்த்துவிட்டு நாலு அடி நடந்தால் கொரியாவின் கொர்யோ காலத்துப் பச்சை. சீனத்துப் பூச்சு கெட்டியானது, உள்ளே இருக்கும் மண்ணைக் காட்டாது. கொரியத்துப் பூச்சு மெல்லியது. மழைநீர் தேங்கிய குட்டையில் அடிமணல் தெரிவது போல, உள்ளே கீறிய கோடு தெரியும். இரண்டையும் ஒரே கண்ணால் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

பச்சைப் பீங்கானை எப்போது பார்க்க வேண்டும் என்று ஜப்பானில் ஒரு பழைய பேச்சு உண்டு. இலையுதிர் காலத்தில், வானம் தெளிந்த நாளில், காலை பத்து மணி வாக்கில், வடக்குப் பார்த்த அறையில், ஒரு காகிதக் கதவு வழியாக வடிந்துவரும் வெளிச்சத்தில். விளக்கொளியில் பச்சை கொஞ்சம் மஞ்சளாகச் சாயும், அதற்காகச் சொன்னது. அருங்காட்சியகம் கட்டும்போது இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைப் பீங்கானுக்கென்று ஓர் அறையில் வெளியிலிருந்து வானத்து வெளிச்சத்தை இறக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் விழவைத்தார்கள். மேகம் கடந்தால் உள்ளே பச்சை ஒரு மாற்று மங்கும். மேகம் போனதும் திரும்பத் தெளியும்.